ஷோகேஸில் புர்காவும் ஐயப்ப மாலையும்: ஒரே லைட்டில் எடுத்த படங்கள்

கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது என் தொழில். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. மேலப்பாளையத்தில் நிக்காஹ் என்றால் "லேடி போட்டோகிராபர் உண்டா?" என்று கேட்டுத்தான் புக்கிங் வரும். ஆண்கள் பக்கத்துக்கு வேறு ஆள் போவார், உள்ளே நான் போவேன். புர்காவைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பட்டும் நகையுமாக உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கேலி பேசும் பெண்களை வருடக்கணக்காக எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் படம் ஒன்றுகூட வெளியே வராது, வரவும் கூடாது. ஆல்பத்தைக் கையில் கொடுத்ததும் எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடவேண்டும் என்பது பேச்சு.

ஆக, ஊர் பார்ப்பதெல்லாம் பத்திரிகையிலும் டிவியிலும் வரும் படங்கள்தான். தொழில்காரியாக அவற்றைப் பார்த்தால் எல்லாமே ஒரே அச்சு. பின்பக்கமாக, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று லாங் லென்ஸில், நாலைந்து பேர் சேர்ந்து நடந்துபோவதை எடுத்திருப்பார்கள். முகம் இருக்காது. துணி வெறும் கறுப்புக் கட்டியாக இருக்கும். 2022 பிப்ரவரியில், ஹிஜாபோடு வகுப்புக்குள் வரக் கூடாது என்ற உடுப்பிக் கல்லூரி விவகாரம் ஓடியபோது எந்தச் சேனலைத் திருப்பினாலும் இந்த மாதிரிப் படம்தான். அதே மாதம் 19ஆம் தேதி நம்மூர் உள்ளாட்சித் தேர்தலில், மேலூரில் ஹிஜாபோடு ஓட்டுப்போட வந்த பெண்ணை ஒரு கட்சியின் முகவர் ஆட்சேபித்துக் கூச்சல் போட்டார். மற்ற முகவர்களும் அதிகாரிகளும் சேர்ந்து அந்த முகவரை வெளியே அனுப்பினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர், "யாரு எவருன்னே தெரியாதுல்லா, பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு" என்றார். ஹிஜாப் தலையை மட்டும் மூடும் துணி, முகம் முழுசாகத் தெரியும். அவருக்கு ஹிஜாப், நிகாப், புர்கா எல்லாம் ஒன்றுதான், ஏனென்றால் அவர் பார்த்த படங்களில் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

இந்த விஷயத்தில் பாதிப் பழி எக்ஸ்போஷருக்கும் ஆங்கிளுக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. அதையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

இடம் தேடி அலையவில்லை. ஸ்டுடியோவின் தெருப்பக்கக் கண்ணாடி ஷோகேஸில் எப்போதும் கல்யாண ஜோடிகள்தான் மாட்டியிருக்கும். பஸ் ஸ்டாப் எதிரே இருப்பதால் நிற்கிறவர்கள் எல்லோரும் வேறு வழியில்லாமல் அதைத்தான் பார்ப்பார்கள். ஜோடிகளை இறக்கிவிட்டு, சமய உடையில் நடமாடும் நம்மூர் ஆட்களின் படங்களை மாட்டுவது என்று முடிவு. புர்கா மட்டும் மாட்டினால் 'பாய்மார் விஷயம்' என்று கடந்துபோய்விடுவார்கள். அதனால் கன்னியாஸ்திரி, ஐயப்ப மாலை போட்டவர், மேல்மருவத்தூர் சிவப்புச் சேலைக்காரர், அய்யாவழிப் பெரியவர் எல்லோரும் வேண்டும்.

எப்படி எடுப்பது என்பதற்கு இரண்டு பழைய வேலைகள் மனதில் இருந்தன. ஒன்று, 2014இல் லண்டனில் அமித், நரூப் என்ற இரண்டு போட்டோகிராபர்கள் 35 சீக்கியர்களை எடுத்த தொடர். தலைப்பாகையையும் தாடியையும் கண்டால் சந்தேகப்படுகிற ஊரில், ஃபேஷன் பத்திரிகை அட்டைக்கு எடுக்கிற அக்கறையோடு ஒவ்வொரு முடியும் மடிப்பும் தெரிய எடுத்தார்கள். அனுதாபம் கேட்கிற படம் ஒன்றுகூட அதில் இல்லை. இரண்டாவது, செய்யக்கூடாததற்கு உதாரணம். 1960இல் அல்ஜீரியாவில் மார்க் கரான்ஜே என்ற பிரெஞ்சு ராணுவ வீரர், அடையாள அட்டைக்காகச் சுமார் 2000 பேரை, பெரும்பாலும் பெண்களை, மேலதிகாரி உத்தரவின்பேரில் படமெடுத்தார். முக்காட்டை எடுக்கச் சொல்லி உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்கள் கேமராவைப் பார்க்கும் பார்வையைப் பார்த்தால் போதும், நமக்கே கூசும். அந்த முகங்களில் இருந்த எதிர்ப்பைப் பிற்பாடு அவரே வெளிப்படையாகப் பேசினார்.

'உடையோடு ஒன்று, உடை இல்லாமல் ஒன்று' என்று ஜோடிப் படம் எடுக்கலாமே என எனக்கு யோசனை சொன்னவர்கள் நிறையப் பேர். முதலிலேயே அதை வேண்டாம் என்று வைத்துவிட்டேன். துணியை எடுத்தால்தான் மனுஷி தெரிவாள் என்று சொல்வதற்கு நான் எதற்கு இவ்வளவு லைட் கட்டவேண்டும்?

சரி, லைட்டுக்கு வருகிறேன். எல்லோருக்கும் ஒரே அமைப்பு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மிமீ லென்ஸ், ஆளுக்கும் கேமராவுக்கும் 2 மீட்டர், ஐஎஸ்ஓ 100, 1/160 நொடி, எஃப் 5.6. உட்கார்ந்தவரின் இடுப்பிலிருந்து தலைக்கு மேல் கொஞ்சம் இடம் வரை ஃப்ரேமுக்குள் வந்துவிடும். இடதுபக்கம் 45 டிகிரியில் 120 செமீ ஆக்டா சாப்ட்பாக்ஸ், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் எண்கோணத் துணிப்பெட்டி. வலதுபக்கம் வெள்ளைத் தெர்மகோல் அட்டை. பின்னால் நடுச்சாம்பல் துணி, ஆளிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. கேமரா உயரம் கண் மட்டம். மேலிருந்து எடுத்தால் ஆள் சின்னதாகிவிடும், கீழிருந்து எடுத்தால் போஸ்டர் ஆகிவிடும்.

இதில் புர்காவுக்கு உயிர் கொடுப்பது பின்னால் வைக்கும் ஸ்ட்ரிப் லைட், ஒடுங்கி நீளமாக இருக்கும். கறுப்புத் துணியை முன்னாலிருந்து எவ்வளவு அடித்தாலும் லைட்டைக் குடித்துவிடும், தட்டையாகத்தான் நிற்கும். பின்பக்கம் வலது ஓரத்தில், வெளிச்சம் சிதறாமலிருக்கக் கிரிட் என்ற கட்டச் சல்லடை மாட்டிய ஸ்ட்ரிப் லைட்டை முன் லைட்டைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, அதிகமாக வைத்து, துணியின் மேல் சாய்ந்து உரசிப்போகும்படி திருப்பவேண்டும். அப்போதுதான் மடிப்பு தெரியும், ஓரத் தையல் தெரியும், கறுப்பு நூலில் போட்ட பூ வேலை தெரியும். தோளும் தலையும் பின்திரையிலிருந்து பிரிந்து நிற்கும். வெள்ளை உடைக்காரர்களுக்கு மட்டும் இந்த ஒரு லைட்டைக் குறைத்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவருக்கு முன் லைட்டைக் கொஞ்சம் உயர்த்தினேன். மற்றபடி யாருக்கும் எதையும் மாற்றவில்லை.

கேமராவின் ஆட்டோவை நம்பக் கூடாது. எதைப் பார்த்தாலும் அதை 18 சதவீதச் சாம்பலாக்கத்தான் மீட்டர் கணக்குப் போடும். ஃப்ரேம் முழுக்கக் கறுப்பு என்றால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளுத்து மாவாகிவிடும். கன்னியாஸ்திரியின் வெள்ளை உடை என்றால் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். செல்போனில் எடுக்கிற படங்களில் புர்காக்காரர் முகம் பேயறைந்த மாதிரி வருவதற்கு இதுதான் காரணம். நான் கையில் பிடிக்கும் மீட்டரை முகத்தருகே வைத்து அளந்துவிட்டு, மேனுவலில் பூட்டிவிட்டேன். தோல் எந்த நிறமோ அந்த நிறத்தில் வரும், துணி அதன் இடத்தில் நிற்கும். படத்தின் இருட்டு வெளிச்சக் கணக்கைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் கறுப்பு இடது சுவரில் போய் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கறுப்பிலும் பல கறுப்பு உண்டு. பல தடவை துவைத்த பருத்தி வேட்டி லேசாகத் துருவேறிய மாதிரி இருக்கும். சில செயற்கை இழைத் துணிகள் கண்ணுக்கு நல்ல கறுப்பாகத் தெரிந்தும் படத்தில் கருஞ்சிவப்பாக வரும். அந்த இழை அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புவதும், சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அதை முழுசாகத் தடுக்காததும்தான் காரணம். 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் இது பெரிய புகாராகி, நிறுவனமே லென்ஸுக்கு முன்னால் போட வடிகட்டி கொடுக்கவேண்டி வந்தது. எனக்கு அவ்வளவு மோசமில்லை. எடிட்டிங்கில் துணியை மட்டும் மாஸ்க் செய்து மெஜந்தாவைக் குறைத்ததில் சரியானது. அப்புறம் தூசி. கறுப்புத் துணியில் ஒட்டிய ஒவ்வொரு பஞ்சும் பின் லைட்டில் நட்சத்திரமாக மின்னும். உட்கார வைத்தவுடன் செல்லோ டேப்பைக் கையில் சுற்றி ஒற்றி எடுத்துவிட்டால், பிறகு கணினியில் ராத்திரி முழுக்க ஒட்டுப்போட வேண்டியதில்லை.

ஆட்களைச் சேர்ப்பதில் கல்யாண வீட்டுப் பழக்கம் கைகொடுத்தது. "கேமரா அக்கா கூப்பிடுதா" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். பெண்கள் வருகிற நாளில் ஸ்டுடியோவில் ஆண்கள் யாரும் கிடையாது. தமிழில் ஒரு பக்க ஒப்புதல் தாள் அடித்து வைத்திருந்தேன். ஷோகேஸுக்குத் தனி டிக், இணையத்துக்குத் தனி டிக். எப்போது வேண்டாம் என்றாலும் அன்றைக்கே இறக்கிவிடுவேன் என்று எழுதியிருந்தது. பெரும்பாலானவர்கள் ஷோகேஸுக்கு மட்டும் டிக் போட்டார்கள். தெருவில் பார்க்கிறவன் முகத்தை நாமும் பார்க்கலாம், இணையத்தில் அப்படி முடியாதே என்றார் ஒரு டீச்சர். சரியான பேச்சு. அதனால் இந்தப் பதிவிலும் படம் எதுவும் போடவில்லை.

முதலில் வந்தவர் பீடி சுற்றுகிற ஒரு அக்கா. மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை அது. வீட்டில் இருக்கும்போது புர்கா போடமாட்டார். கடைக்குப் பீடி கொண்டுபோய் ஒப்படைக்கும்போதுதான் போடுவார். அதனால் ஒப்படைக்கப் போகிற கோலத்திலேயே, பீடித் தட்டை மடியில் வைத்து உட்காரச் சொன்னேன். சும்மா இருக்கக் கை வரவில்லை. பேசிக்கொண்டே இலையை எடுத்து, தூளை வைத்து, உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றி அறுத்துவிட்டார். நான் மூன்றாவது ஷாட் எடுப்பதற்குள் நாலு பீடி தட்டில் கிடந்தது. கறுப்புத் துணிக்கு முன்னால் அந்தக் காய்ந்த இலையின் பழுப்பும், இலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கட்டைவிரலும் அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. ஷோகேஸில் அதிகம் பேர் நின்று பார்த்தது இந்தப் படத்தைத்தான். நம் மாவட்டத்தில் பீடி சுற்றுகிற அம்மாவோ ஆச்சியோ இல்லாத தெரு குறைவு. அவர்கள் முதலில் பார்த்தது அந்த விரலை.

நிகாப் போட்ட ஒரு தையல்காரரும் வந்தார். கண் மட்டும்தான் தெரியும், அதிலும் மூக்குக்கண்ணாடி. கண்ணாடியில் சாப்ட்பாக்ஸ் வெள்ளை எண்கோணமாகத் தெரிந்ததால் லைட்டை அரை அடி உயர்த்தி, கண்ணாடிக் காதை லேசாகத் தூக்கி வைக்கச் சொன்னேன். மூச்சில் கண்ணாடி பனிபிடிக்கும்போதெல்லாம் நிறுத்தித் துடைத்துக்கொண்டோம். நிகாப் படம் என்றாலே கண்ணை மட்டும் நெருக்கமாக வெட்டி மர்மராணி மாதிரி காட்டுவது வழக்கமாகிவிட்டது, எனக்கு அது பிடிக்காது. இவரை இடுப்பு வரை எடுத்தேன். கழுத்தில் மஞ்சள் இன்ச் டேப், கையில் கத்தரிக்கோல், தலை சற்றே சாய்ந்து, 'ஜாக்கெட் எப்போ வேணும்?' என்று கேட்கிற தோரணை. முகம் தெரியாவிட்டாலும் தையல்காரர் என்று யாரும் சொல்லிவிடலாம்.

அய்யாவழிப் பெரியவர் ஒருவர் வள்ளியூர் பக்கத்திலிருந்து வந்தார். நெற்றியில் தீபச்சுடர் மாதிரி நாமம், தலையில் வெள்ளைத் தலைப்பாகை. வெள்ளை உடையில் மடிப்புகள் எரிந்துபோகாமல் இருக்கத்தான் பின் லைட்டைக் குறைத்தேன் என்று முன்பே சொன்னேனே, அது முதலில் இவருக்காகத்தான். தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தலையில் துண்டு கட்டக் கூடாது, பெண்கள் மேல்சீலை போடக் கூடாது என்று இருந்த காலத்தில், தலைப்பாகை கட்டி வந்து கும்பிடுங்கள் என்று தம் மக்களுக்குச் சொன்னவர் அய்யா வைகுண்டர். பெண்களின் தோள்சீலைப் போராட்டம் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழித்து 1859 ஜூலையில்தான் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது, அதுவும் நிபந்தனையோடு. பெரியவர் இதை எல்லாம் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே சொன்னார். கடைசியில், "யாரு எதக் கட்டணும், எத அவுக்கணும்னு அடுத்தவன் சொல்லுதது இங்க புதுசு இல்ல மக்களே" என்றார். உடை விவகாரம் என்றால் வேறு ஊர்ச் சங்கதி என்று நினைக்கிறவர்கள் இவரிடம் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

கன்னியாஸ்திரி ஸ்கூட்டி ஹெல்மெட்டோடு உட்கார்ந்தார். நல்ல படம், கஷ்டமே இல்லை. மேல்மருவத்தூர் சேலையின் சிவப்பு சென்சாரில் கொஞ்சம் தெறித்தது, சாச்சுரேஷனைக் குறைத்தேன். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேடம் கட்டுகிற தம்பியும் வருவதாக இருந்தது. சீசன் முடிந்து வேடத்தைக் கலைத்துவிட்டான், அடுத்த புரட்டாசிதான்.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப மாலை போட்ட ஆட்டோ ஓட்டுநர் வந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, தாடி. பீடி அக்காவுக்குப் போட்ட லைட்டை விரல் அளவுகூட நகர்த்தாமல் அவரை எடுத்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதே கறுப்பு, அதே வெளிச்சம், அதே சாம்பல் திரை. எதையும் விளக்கி எழுதவில்லை. அடுத்தடுத்து மாட்டினேன், அவ்வளவுதான்.

எல்லாமே மகிழ்ச்சியாக உடுத்துகிற உடை என்று காட்டுவது பொய்யாகிவிடும். "வீட்ல சொல்லுதாங்க, போடுதேன்" என்று ஒரு பெண் சொன்னாள். அவள் படத்தை எடுத்தேன், பிரின்ட் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டேன். மாட்டினால் யார் சொன்னது என்று வீட்டில் தெரிந்துவிடும். இன்னொருவர் வக்கீல், மக்கனா என்ற தலைமுக்காட்டை விட்டுப் பல வருடமாகிவிட்டது. "போடாதவளும் ஷோகேஸ்ல வரணும், நானும் தொழுகிறவதான்" என்று காட்டன் சேலையில் வந்து உட்கார்ந்தார். பீடி அக்காவுக்கு இடதுபக்கம் அவர்தான் இருக்கிறார்.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில் நிறைய யோசித்தேன். 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு எட்டுத் தொகுதிகளாக இந்திய மக்களின் படங்களை வெளியிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் இனம், சாதி, மதம் எழுதி, இவர்கள் நம்பத்தக்கவர்களா, முரடர்களா என்று குணமும் எழுதிவைத்தார்கள். உடையைப் பார்த்து ஆளை முடிவுகட்டுவதற்குப் போர்ட்ரெய்ட் நன்றாகவே உழைத்திருக்கிறது. அதனால் மதப் பெயர் எதுவும் வேண்டாம் என்று வைத்தேன். ஆளின் பெயரும் வேண்டாம், நெல்லைப் பக்கம் பெயரைச் சொன்னால் சாதி வரைக்கும் போய்விடுவார்கள். உட்கார்ந்திருந்தபோது அவர்கள் பேசியதில் உடையைப் பற்றி இல்லாத ஒரு வரி, அவ்வளவுதான். பீடி அக்காவுக்கு, "இலை சரியில்லன்னா என்ன சுத்தினாலும் கழிச்சிருவாங்க." ஆட்டோக்காரருக்கு, "வண்ணாரப்பேட்டை சிக்னல்ல நிக்கிற நேரத்துல ஒரு சவாரி அடிச்சிரலாம்."

பிரின்ட் 20×24 அங்குலம். லேபில் முதல் சோதனைப் பிரதியில் கறுப்பெல்லாம் மறுபடி கட்டியாகிவிட்டது. பின்னொளியில் திரையில் தெரிகிற நிழல் விவரம் தாளில் மூழ்கிவிடும். துணிப் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கி, சின்ன அளவில் சோதனைப் பிரதி போட்டுப் பார்த்துத்தான் பெரிதாக அடித்தோம். மேட் லேமினேஷன் போட்டால் கறுப்பின் ஆழம் சற்றுக் குறையும், ஆனால் ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் கிளாஸி போட்டால் பஸ்தான் தெரியும், படம் தெரியாது. மேட்டே நல்லது. மேலே எல்இடி பட்டை, படங்கள் லேசாகக் கீழ்நோக்கிச் சாய்வு. முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பது லேப் பையனுக்குக் கைப்பழக்கம், அதை மட்டும் தொடாதே என்று ஃபைல் பெயரிலேயே எழுதி அனுப்பினேன்.

பலன் என்ன என்று கேட்பார்கள். ஊர் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு கல்யாணப் பார்ட்டி ஷோகேஸைப் பார்த்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டது, கொடுத்துவிட்டேன். பெரிதாக மாட்டலாமா என்று ஒரு மண்டபத்தில் கேட்டதற்கு "பிரச்சினை வேண்டாம்மா" என்றார்கள். ஒரு கல்லூரி மாணவி தன் மாமா திட்டியதாகச் சொன்னாள், அன்றைக்கே படத்தை இறக்கினேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உடையைவிட்டு "எந்த ஊரு பீடிக்கடை?" என்று பேசிக்கொள்வது மட்டும் காதில் விழுகிறது. என்னைக் கேட்டால் அதுவே பெரிய விஷயம்.

ஸ்டுடியோவுக்குள் ஒன்று கட்டாயமாக மாறியது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிற பெண்களிடம் "காது தெரியணும், முக்காட்டை எடுங்க" என்று சொல்வது இந்தத் தொழிலில் எங்கும் இருக்கிற பழக்கம். விதி அப்படி இல்லை. சமயக் காரணத்துக்காகத் தலையை மூடலாம், தாடையிலிருந்து நெற்றி மேல்வரையும் முகத்தின் இரண்டு ஓரமும் நிழலில்லாமல் தெரியவேண்டும், அவ்வளவுதான். இதைத் தமிழில் பெரிதாக அடித்துக் கேமராவுக்குப் பின்சுவரில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு பக்கமும் சமமாக லைட் வைத்தால் முக்காட்டு நிழல் விழாது, இது மற்ற ஸ்டுடியோக்காரர்களுக்கு.

இப்போதைக்கு ஒரே ஒரு புகார் பாக்கி. தையல்கார அக்கா ஷோகேஸை வந்து பார்த்துவிட்டுக் கோபமாக உள்ளே வந்தார். பின் லைட்டில் தோள்பட்டைத் தையல் கோணலாகப் போயிருப்பது அப்பட்டமாகத் தெரிகிறதாம். "ஊர்ல பாதிப் பேருக்கு நாந்தான் தைக்கேன், இதப் பாத்தா எவ வருவா?" என்றார். புது புர்கா ஒன்று வெட்டி வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தைத்து எடுத்துக்கொண்டு வருகிறார். மறுபடி எடுக்கவேண்டும்.